கோபாலகிருஷ்ணன் ஓடிய ஆயிரம் நாள்

கோபாலகிருஷ்ணனுக்கு எதையும் அளக்காமல் நம்ப முடியாது. கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு வேலையே அதுதான். அழுத்தமானி, வெப்பமானி, எடைக்கருவி என்று வரிசையாக எடுத்து, சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, அடுத்த சோதனை எந்தத் தேதியில் என்று ஒரு பச்சைச் சீட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். இருபத்தாறு வருடமாகச் சீட்டு ஒட்டுகிறார். அது அலுவலகத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஒருமுறை சந்தையில் கத்தரிக்காய் விற்கும் அம்மாவிடம், "உங்க தராசு இடது பக்கம் அஞ்சு கிராம் சாயுது" என்று சொல்லியிருக்கிறார். "அப்ப நீ வலது பக்கமா வந்து நில்லு" என்று அந்த அம்மா பதில் சொன்னதாகக் கேள்வி.

ஐம்பதைத் தொட்ட வருடம், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார். ஓட ஆரம்பித்தார். அதுவரை நல்ல காரியம்தான். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஆதித்யா அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினான். ஓடிய தூரம், வேகம், இதயத்துடிப்பு, தூங்கிய நேரம், தூக்கத்தில் புரண்ட நேரம் எல்லாவற்றையும் சொல்லுகிற கடிகாரம். அன்றோடு மனிதர் கைமீறிப் போனார். காலையில் மனைவி தெய்வநாயகி, "நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்டால், "இரு, பார்த்துச் சொல்றேன்" என்று மணிக்கட்டைத் திருப்புவார்.

நிலைய ஊழியர்கள் குடியிருக்கும் எங்கள் நகரியத்தில் ஓடுகிறவர்களுக்கென்று ஒரு குழு உண்டு. பெயர் கடலோர வேங்கைகள். வாட்ஸப்பில் அறுபத்திரண்டு வேங்கைகள். காலை ஐந்தேகாலுக்குத் தண்ணீர்த் தொட்டியருகே வந்து நிற்பவை பத்தொன்பது. நானும் ஒரு வேங்கைதான். பெயர் ராகவன், அதே நிலையத்தில் வண்டிகள் பிரிவு, சொந்த ஊர் கருங்குழி. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து பொங்கல் வடை சாப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் சேர்ந்தேன். இரண்டு கிலோமீட்டர் ஓடுவேன், மிச்சத்தை நாஸ்தா கடை பெஞ்சில் உட்கார்ந்து முடிப்பேன். அந்தப் பெஞ்சுக்கு முதலில் போய்ச் சேர்வதில் என்னை யாரும் ஜெயித்ததில்லை.

பெஞ்சில் உட்கார்ந்தபடி நான் பார்த்தது இது. எங்கள் ஆட்கள் சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடலை ஒட்டி ஓடுகிறார்கள். சூரியன் அப்போதுதான் தண்ணீரிலிருந்து எழும். ஒருத்தராவது தலையைத் திருப்பிப் பார்த்து நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் பார்வை மணிக்கட்டில். ஓடி முடித்ததும் முதல் காரியம் கடிகாரத்தை நிறுத்துவது, அப்புறம்தான் மூச்சு வாங்குவது. கணக்குப் பிரிவிலிருக்கும் தாமோதரன் ஒருநாள் கடை வாசலில் வந்து நின்றபோது ஒன்பது கிலோமீட்டர் தொள்ளாயிரத்து அறுபது மீட்டர் என்று காட்டியிருக்கிறது. மனிதர் பத்தாக்குவதற்காகக் கடையை மூன்று சுற்றுச் சுற்றினார். ஏதோ தோஷ பரிகாரம் என்று நினைத்த கடைக்காரர் வழியிலிருந்த அண்டாவை நகர்த்திக் கொடுத்தார்.

எல்லோருடைய ஓட்டமும் ஒரு ஆப்பில் ஏறும். யார் எத்தனை தூரம், என்ன வேகம், மாதக்கடைசியில் யார் முதலிடம் என்று அதுவே வரிசை போடும். பிடித்திருந்தால் மற்றவர்கள் கைதட்டல் பொத்தானை அமுக்கலாம். ஒருத்தருக்கு இருபது கைதட்டல், இன்னொருத்தருக்குப் பதினெட்டு வந்தால், தட்டாத அந்த இரண்டு பேர் யார் என்று வாரம் முழுக்க ஆராய்ச்சி நடக்கும். அணுவைப் பிளக்கிறவர்கள் இதைப் பிளக்க மாட்டார்களா என்ன.

இதில் கோபாலகிருஷ்ணனின் தனிச்சொத்து, விடாத தொடர். ஒரு நாள் தவறாமல் குறைந்தது ஐந்து கிலோமீட்டர் ஓடினால் ஆப் அதை எண்ணிக்கொண்டே வரும். ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அவர் விடவில்லை. புயல் அடித்த இரண்டு நாளும் வீட்டுக்குள் ஃபிரிட்ஜுக்கும் பால்கனிக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர் ஓடினார். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்துவிட்டுப் போனார். மச்சினர் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் பந்தலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். அறுநூற்றுப் பதினோராவது நாள் தெய்வநாயகி டெங்கு வந்து செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ட்ரிப்ஸ் பாட்டில் பாதி இறங்குவதற்குள் இவர் ஆஸ்பத்திரி வளாகத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு வந்து கட்டிலருகே வியர்வையோடு நின்றார். மனைவியின் ரத்தத் தட்டணுக்கள் எவ்வளவு என்று நர்ஸ் சொன்னபோது, தன் துடிப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தாமோதரன் அறுபத்திரண்டு நாள் பின்னால் வந்துகொண்டிருந்தார். கோபாலகிருஷ்ணன் ஒரு நாள் தவறினால் முதலிடம் தாமோதரனுக்கு. அதனால் கோபாலகிருஷ்ணன் தும்மினாலே தாமோதரன் மிகுந்த அக்கறையோடு விசாரிப்பார்.

தொள்ளாயிரம் தாண்டியதும் குழு கூடி முடிவெடுத்தது. ஆயிரமாவது நாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. மாமல்லபுரம் கடற்கரையில் குடும்பத்தோடு விழா, சால்வை, கேடயம், ஆளுயர பேனர். பேனரில் போட கோபாலகிருஷ்ணன் புலி முகம் போட்ட பனியனோடு படம்கூட எடுத்துக் கொடுத்துவிட்டார்.

தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாவது நாள் குதிகால் போய்விட்டது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்ற முடியவில்லை. அன்றைக்கு எப்படியோ நொண்டி ஐந்தை முடித்துவிட்டு டாக்டரிடம் போனார். எட்டு வாரம் ஓடக்கூடாது, மீறினால் ஊசி, அதற்கும் மீறினால் கத்தி என்றார் டாக்டர்.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. அவர் அப்பா செத்தபோதுகூட அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நாளைக்குக் காலைல அஞ்சு கிலோமீட்டர் இல்லேன்னா எல்லாம் போச்சு ராகவன். பூஜ்யம். ரெண்டரை வருஷம் நான் எதுவுமே பண்ணாத மாதிரி."

"ஓடினது ஓடினதுதானே சார். அது எங்க போயிடும்?" என்றேன்.

"ஆப்ல இருக்காதே."

அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உங்க பக்கம் காலைல ஓடறவங்க யாராவது இருக்காங்களா? சும்மா இந்த வாட்ச்சைக் கட்டிக்கிட்டு ஓடணும். அவ்வளவுதான்."

இந்த இடத்தில் நான் அவரைத் திட்டி அனுப்பியிருக்க வேண்டும். எனக்கு வேடிக்கை பார்க்கிற புத்தி. தமிழ்வாணன் இருக்கிறான் என்று சொன்னேன்.

தமிழ்வாணன் திருக்கழுக்குன்றத்துக்கும் கல்பாக்கத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். நான் ஊருக்குப் போகும்போது அவன் வண்டியில் ஏறிப் பழக்கம். முப்பத்து நாலு வயது, இரண்டு பிள்ளைகள். வீடு நடுவழியில் ஒரு கிராமம். தினமும் வண்டி எடுக்குமுன் ஊர் ஏரிக்கரையில் வெறுங்காலோடு ஓடுவான். எதற்கு ஓடுகிறான் என்று ஊரில் யாருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஒருமுறை கேட்டதற்கு, "ஓடுனா ஜில்லுனு கீது அண்ணாத்த" என்றான். அவன் ஓடுவதை நான் ஒரு நாள் பார்த்திருக்கிறேன். மதகிலிருந்து கிளம்பும்போதே வேகம். கரை முழுக்க நாய்கள் இரண்டு கூடவே வந்து, முடியாமல் பாதியில் நின்றுவிடும். கடைசி நூறடியில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பாய்ந்து, ஓடிய வேகத்தில் ஏரிக்குள் குதிப்பான். அவ்வளவுதான் அவன் ஓட்டம். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது.

மறுநாள் விடிகாலை கோபாலகிருஷ்ணனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். விஷயத்தை அவர் சுற்றி வளைத்துச் சொன்னார். ஆயிரம் நாள் விடாமல் ஓடுவதாக இருக்கிறேன், ஐம்பத்தெட்டு நாள் பாக்கி, கால் இப்படி ஆகிவிட்டது, இந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு எனக்குப் பதிலாக நீங்கள் ஓட முடியுமா.

தமிழ்வாணன் கடிகாரத்தைப் பார்த்தான், அவர் காலைப் பார்த்தான். "வேண்டுதலா சார்?" என்றான்.

கோபாலகிருஷ்ணன் என் பக்கம் திரும்பினார். கேடயம், பேனர், தாமோதரன் என்று ஒரு ஷேர் ஆட்டோ டிரைவரிடம் எப்படி விளக்குவது. "ஆமாம்" என்றார்.

"யாருக்கு சார்?"

"வீட்டுல. உடம்பு சரியில்ல."

தமிழ்வாணன் முகம் மாறிவிட்டது. "பேரு இன்னா சார் அவங்களுக்கு?"

"தெய்வநாயகி."

"கவலப்படாத சார். எங்க பெரியம்மாவுக்குக் காலு ஒடஞ்சப்ப அவங்க வேண்டிக்கின காவடிய எங்க அண்ணன்தான் தூக்கினாரு. வேண்டுனவங்களால முடியலன்னா ஒப்புக்கினவங்க செய்யலாம், சாமி ஏத்துக்கும். இன்னையிலருந்து நானும் கவுச்சி தொடமாட்டேன்" என்றான். பெட்ரோலுக்காவது ஏதாவது என்று கோபாலகிருஷ்ணன் சட்டைப்பையைத் தொட்டதும், சாமி காரியத்துக்கு வாங்கக்கூடாது என்று கையைப் பிடித்துத் தள்ளினான்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

முதல் நாளே வினை வந்தது. தமிழ்வாணன் குளித்து, திருநீறு பூசி, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, தெய்வநாயகி பேரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினான். ஐந்து கிலோமீட்டரை இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு வந்து நின்றான். கோபாலகிருஷ்ணன் தன் வாழ்நாளில் முப்பத்தைந்துக்குக் கீழே போனதில்லை. 'உங்கள் வாழ்நாள் சாதனை' என்று ஆப் தலையில் கிரீடம் வைத்தது. நாங்கள் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் ஐம்பத்தொரு கைதட்டல். ஆறேகாலுக்குத் தாமோதரன் போன் செய்தார்.

"என்ன சாப்பிடறீங்க சார்? உண்மையச் சொல்லுங்க."

"கம்பங்கூழ்" என்றார் கோபாலகிருஷ்ணன். அன்று மாலைக்குள் நகரியத்துக் கடையில் கம்பு தீர்ந்துவிட்டது.

இரண்டாம் நாள் அவர் தமிழ்வாணனைத் தனியே அழைத்து, மெதுவாக ஓடவேண்டும் என்றார். ஒரு கிலோமீட்டருக்கு ஏழரை நிமிஷம்.

"மெதுவாவா? ஏன் சார்?"

"நான் வேண்டிக்கிட்டது நான் ஓடற மாதிரி. எனக்குப் பதிலா ஓடறவரும் அப்படித்தானே ஓடணும்?"

தமிழ்வாணன் யோசித்தான். நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். "சரி சார், மொற அதான்னா அப்டியே ஓடறேன்" என்றான்.

அன்றிலிருந்து அவன் ஓட்டம் நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போகிறவள் நடை மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு அடியிலும் தன்னைப் பிடித்துப் பிடித்து நிறுத்துவான். நாய்கள் இரண்டும் அவனைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கும். முடிவில் ஏரியில் குதிப்பதும் கிடையாது. கடிகாரம் நனையக்கூடாது என்று கோபாலகிருஷ்ணன் சொல்லியிருந்தார். கழற்றிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவான்.

கோபாலகிருஷ்ணனுக்கோ ஓய்வே இல்லை. தினமும் நாலேமுக்காலுக்கு எழுந்து, புலிப் பனியன் போட்டு, ஷூ மாட்டி, மனைவியிடம் ஓடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தெருமுனையில் நிற்கும் என் ஸ்கூட்டரில் ஏறுவார். ஒன்பது கிலோமீட்டர் போய்க் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுக் கரையில் கால் நீட்டி உட்காருவார். அவன் முடித்ததும் ஏரித் தண்ணீரை அள்ளி முகத்திலும் பனியனிலும் அடித்துக்கொண்டு, ஏரி தெரிய ஒரு செல்ஃபி எடுப்பார். புது வழி, மண் தரை, குதிகாலுக்கு நல்லது என்று குழுவில் எழுதினார். மூன்று பேர் மண் தரை தேடிக் கிளம்பி, ஒருத்தர் நெருஞ்சி முள்ளோடு திரும்பி வந்தார்.

இன்னொரு கூத்து இதயத்துடிப்பு. தமிழ்வாணனுக்கு அந்த வேகம் நடை மாதிரி. துடிப்பு தொண்ணூறைத் தாண்டாது. ஆப் யோசித்து, கோபாலகிருஷ்ணனின் உடல் வயது இருபத்தெட்டு என்று அறிவித்தது. அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். அதிலும் எனக்குத் தாங்காத விஷயம் என்னவென்றால், அவர் அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் திரும்பி வரும்போது பின்சீட்டிலிருந்து, "துடிப்பு நல்லாக் குறைஞ்சிருக்கு ராகவன், பார்த்தீங்களா?" என்றார். யாருடையது என்று கேட்டேன். பதிலுக்கு அவர் கடிகாரக் கண்ணாடியைப் பனியனில் துடைக்க ஆரம்பித்தார்.

தமிழ்வாணன் வாரம் ஒருமுறை, "அம்மாவுக்கு இப்ப எப்டி கீது?" என்று கேட்பான். இவர், "பரவால்ல" என்பார். அந்தப் பதில் கேட்டதும் அவன் முகத்தில் ஒரு திருப்தி வரும். நான் மதகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பதாவது நாள் முடிந்தது. கால் ஓரளவு தேறிவிட்டது. "நாளைக்கு நானே ஓடிக்கறேன், நீங்க வர வேண்டாம்" என்று சொல்லிக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டார். எங்கே சார், என்றான் அவன். மாமல்லபுரம் என்று இவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் பேனர் காற்றில் புடைத்து நின்றது. முப்பத்தேழு வேங்கைகள், குடும்பங்கள், இரண்டு அண்டா பொங்கல். தெய்வநாயகி அம்மாவும் பட்டுப்புடவையில் வந்திருந்தார். இரண்டே முக்கால் வருடத்தில் கணவர் ஓடுவதை அன்றுதான் முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தார். கோபாலகிருஷ்ணன் வலி தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து கிலோமீட்டரை நாற்பத்து நாலு நிமிஷத்தில் முடித்தார். எல்லோரும் சேர்ந்து ஓடவேண்டும் என்பதற்காக வேகத்தைக் குறைத்துக்கொண்ட பெருந்தன்மை என்று மைக்கில் பாராட்டினார்கள். ஆப் ஆயிரம் என்று காட்டியது. சால்வை போட்டார்கள். தாமோதரன் கேடயத்தை நீட்டினார். அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அன்று அவருக்குத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு.

அப்போது சாலைப் பக்கமிருந்து மஞ்சள் வேட்டியை மடித்துக் கட்டிய ஆள் ஒருவன் ஓடிவந்தான். வெறுங்கால், நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது, கையில் மஞ்சள் பை. தமிழ்வாணன். கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சத்தோடு நின்றான். என்னைக் கண்டதும், "அண்ணாத்த, அம்மா யாரு?" என்று கேட்டான். என் கண் தானாகத் தெய்வநாயகி பக்கம் போனது. அவன் நேராக அவர் முன்னால் போய் நின்றான்.

"அம்மா, நேத்து சாய்ங்காலம் மலையேறி உங்க பேருல அர்ச்சன பண்ணேன். நட்சத்திரம் தெரியல, பேரு மட்டும் சொன்னேன்" என்று பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினான். "சார் இன்னைக்கு வரவேணாம்னு சொன்னாரு. ஆரம்பிச்சத அந்தரத்துல வுடக்கூடாதுன்னு கோயில்லருந்து ஓடியாந்தேன். உங்களுக்கு இனிமே ஒண்ணும் ஆவாது."

தெய்வநாயகிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

அவர் ஏதாவது கேட்பதற்குள் தாமோதரன் முந்திக்கொண்டார். அவருக்குக் காதில் விழுந்தது ஒரே ஒரு செய்திதான். "திருக்கழுக்குன்றத்துலேருந்தா? பதினஞ்சு கிலோமீட்டர் இருக்குமே. எவ்வளவு நேரம் ஆச்சு?"

"தெரியாது சார்."

"வாட்ச் கட்டலையா?"

"வாச்சு சார் கையில கீதே. தெனம் காலைல குடுப்பாரு, ஓடி முடிச்சதும் வாங்கிக்குவாரு. இன்னைக்கு மட்டும் அவரே கட்டிக்கினாரு."

முப்பத்தேழு பேரும் கோபாலகிருஷ்ணனின் மணிக்கட்டைப் பார்த்தார்கள். அவர் சால்வையை இழுத்து அதை மூடிக்கொண்டார்.

தெய்வநாயகி கணவரைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். "எத்தனை நாள் ஓடினீங்க தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அம்பத்தேழு நாளும்மா. உங்களுக்கு இப்ப எப்டி கீது?"

"நல்லா இருக்கேன்ப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல."

அவன் கடல் பக்கம் திரும்பி நின்று கண்ணை மூடிக் கும்பிட்டான். தெய்வநாயகி அவனை உட்காரவைத்துத் தன் கையால் இலையில் பொங்கல் வைத்தார். வேறு யாரும் அவனிடம் பேசவில்லை. எல்லோரும் தாமோதரனைச் சூழ்ந்துகொண்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானத்துக்குள் குழுவில் இருநூற்றுச் சொச்சம் செய்திகள். ஐம்பத்தேழைக் கழித்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று என்று வைத்துக்கொள்ளலாமா என்றார் ஒருவர். தொடர் அறுந்துவிட்டால் கழித்தல் ஏது, இன்றைக்கு அவருக்கு முதல் நாள் என்றார் தாமோதரன். கேடயத்தைத் திருப்பி வாங்குவதா, அதில் எழுத்தை மட்டும் மாற்றுவதா என்று வாக்கெடுப்பு நடந்தது. பதினைந்து கிலோமீட்டர் ஓடிவந்தவனைக் குழுவில் சேர்க்கலாமே என்று ஒரு நல்லவர் எழுதினார். பதிவு இல்லாத ஓட்டத்தை எப்படி ஏற்பது என்று அதற்குப் பதில் வந்தது. நோயில்லாத ஒரு பெண்ணுக்காக ஒருத்தன் இரண்டு மாதம் விரதம் இருந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நானும் ஒன்றும் எழுதவில்லை, ஸ்கூட்டர் என்னுடையது.

விழா முடிந்து வீடு திரும்பும்போது என் காரில் தெய்வநாயகி முன்சீட்டில் உட்கார்ந்தார், கோபாலகிருஷ்ணன் பின்சீட்டில். சதுரங்கப்பட்டினம் வந்ததும் பின்னால் திரும்பாமலே சொன்னார்.

"ஆயிரம் நாள்ல எனக்குன்னு ஓடினது அந்தத் தம்பி ஒருத்தர்தான். அதையும் பொய் சொல்லி வாங்கியிருக்கீங்க. அங்க எல்லார் முன்னாடியும் அவரை முட்டாளாக்க வேண்டாம்னுதான் சும்மா இருந்தேன். நாளைக்குக் காலைல போய் நீங்களே சொல்லிட்டு வாங்க."

"தெய்வா, நான்..."

"போயிட்டு வாங்க. ராகவன், நீங்களும் போங்க."

திங்கட்கிழமை காலை போனோம். கல்பாக்கம் ஸ்டாண்டில் தமிழ்வாணன் வண்டியில் ஆள் ஏறிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு இறங்கி வந்தான். கோபாலகிருஷ்ணன் சொன்னார். வேண்டுதல் எதுவுமில்லை, வீட்டில் நோய் இல்லை, ஆப்பில் ஒரு எண்ணிக்கைக்காகத்தான் எல்லாம். ஒளிக்காமல் சொன்னார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்வாணன் சிரிப்பு போய்விட்டது. "அப்ப அம்மாவுக்குச் சீக்கே இல்லியா?"

"இல்ல."

"நான் ஓட ஆரம்பிச்சப்பவும் இல்ல?"

"இல்ல."

"அது சந்தோஷம்தான்" என்றான். வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்கோ தமிழ்வாணன். ரெண்டு மாசம் கறி மீன்கூடச் சாப்பிடாம..." என்று கோபாலகிருஷ்ணன் ஆரம்பித்தார்.

"கவுச்சி வுட்டது இன்னா பெரிய விசயம் சார். மெதுவா ஓடுனேன் பாரு, அதான்." குரல் உயரவில்லை. "தெனம் கரையில ஏறுனா காலு பறக்கும் சார். நேத்து வரைக்கும் உங்க வூட்டம்மா மொகம் நான் பாத்ததில்ல. அவங்க பேரச் சொல்லிச் சொல்லிக் கால இழுத்துப் புடிச்சேன். உசுரு ஒண்ணு பொழைக்கட்டும்னுதான். வுடிஞ்சா வண்டி, சவாரி, வூடு. எனக்குன்னு கீறது அந்த அர மணி நேரம் ஒண்ணுதான். அம்பத்தேழு நாளு அத எடுத்துக்கினியே சார்."

"என்ன செய்யணும் சொல்லு, செய்யறேன்" என்றார் கோபாலகிருஷ்ணன்.

"இன்னா செய்வ? திருப்பிக் குடுப்பியா?"

கேட்டது என்னையும் சேர்த்துத்தான். பின்சீட்டிலிருந்த நர்ஸம்மா, எட்டரைக்கு டியூட்டி, நேரமாகிறது என்றார். தமிழ்வாணன் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தான்.